என்னைப் பேய்க்கணவாய் என்ற மகனுக்கு

தினேஷ், இதை உனக்கு மட்டும் தனியாக அனுப்பியிருக்கலாம். ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை என் மருமகள் மோனிஷாவின் வளைகாப்பில் நீ மைக்கைப் பிடித்துப் பேசினாயே, அதை உன் மச்சான் வீடியோ எடுத்து நம் குடும்ப குரூப்பில் போட்டுவிட்டான். ஊரப்பாக்கத்துச் சம்பந்தி வீட்டிலிருந்து திருக்கழுக்குன்றத்துச் சித்தி வரைக்கும் எல்லோரும் அழுகிற பொம்மையும் கும்பிடுகிற கையுமாகப் போட்டுத் தள்ளியிருக்கிறார்கள். நீ ஊர் கேட்கப் பேசினாய், அதனால் நானும் ஊர் பார்க்கத்தான் பதில் எழுதுகிறேன். நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள். எழுத உட்கார்ந்ததிலிருந்து எத்தனையோ தடவை எழுந்துவிட்டேன். அடுப்பில் எதுவும் இல்லை என்று தெரிந்தும் அடுப்படிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். துவைத்து மடித்து வைத்த துணியை எடுத்து மறுபடியும் மடிக்கிறேன். மனசு ஒரு இடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது.

நீ பேசினது எனக்கு வரி தவறாமல் ஞாபகம் இருக்கிறது. "எங்க அம்மா வேலை செய்ற அக்வேரியத்துல ஒரு ஆக்டோபஸ் இருக்கு. முட்டை போட்டதுக்கப்புறம் அது சாப்பிடவே சாப்பிடாது. குஞ்சு வர்ற வரைக்கும் பட்டினியா காவல் இருந்துட்டு செத்துடும். எங்க அம்மாவும் அப்படித்தான். எனக்காகவே வாழ்ந்தவங்க. இனிமே அவங்க உழைச்சது போதும். வேலைய வுட்டுட்டு எங்ககூட நாவலூர் வந்து, பேரப்புள்ளய பாத்துக்கினு நிம்மதியா இருக்கப் போறாங்க" என்றாய். எல்லோரும் கை தட்டினார்கள். உன் மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணைத் துடைத்தார். நான் மோனிஷாவின் கன்னத்தில் சந்தனம் பூசிக்கொண்டிருந்தேன். அந்தக் கையோடு நின்று பல்லைக் காட்டிச் சிரித்தேன். வேறென்ன செய்ய முடியும்? நான் வேலையை விடப் போகிற சங்கதி எனக்கே அந்த மைக்கில் கேட்டுத்தான் தெரியும்.

குரூப்பில் இருக்கிறவர்களுக்கு முதலில் அந்தப் பேய்க்கணவாயைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஆக்டோபஸ் என்று நீங்கள் சொல்வதைத்தான் நம் பக்கத்துக் கரையில் பேய்க்கணவாய் என்பார்கள். இறால் குஞ்சுப் பண்ணையில் இருந்த நான், ஈசிஆரில் இந்த அக்வேரியம் திறந்தபோது கண்ணாடி துடைக்கத்தான் சேர்ந்தேன். தண்ணீரின் உப்பைப் பார்க்கத் தெரியும் என்றதும் தொட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையைக் கொடுத்தார்கள். தேவனேரி ஏழுமலை அண்ணன் எங்களுக்கு உயிரோடு மீன் கொண்டுவந்து கொடுப்பவர். நண்டு வலையில் மாட்டியதென்று ஒரு நாள் இவளை வாளியில் போட்டுக் கொண்டுவந்தார். வாளியை மூடியிருந்த ஈரச் சாக்கைத் தூக்கிப் பார்க்கிறேன், என்னைப் பார்த்ததும் செங்கல் நிறத்தில் இருந்தவள் வெள்ளையாகிப் போனாள். பிறகு மெல்லப் பழுப்பானாள். ஒரு கையை நீட்டி என் விரலைச் சுற்றிப் பிடித்து, வட்ட வட்டமான அந்த உறிஞ்சிகளால் என்னை ருசி பார்த்தாள். அதுகளுக்குக் கையில்தான் நாக்கு. "இன்னாக்கா, கை குடுத்துகினு கீறா, பேர் வச்சிடு" என்று அண்ணன் சிரித்தார். நான் பேர் வைக்கவில்லை. வைத்தால் பிறகு அழ வேண்டியிருக்கும்.

அவளுக்கு ஒரு இடத்தில் இருப்புக் கொள்ளாது. தொட்டியில் இருந்த கல்லையெல்லாம் இழுத்துப்போய்த் தன் பானைக்கு வாசல் கட்டுவாள், மறுநாள் அதைப் பிரித்து வேறு பக்கம் கட்டுவாள். ஃபிளாஷ் போட்டுப் படம் எடுக்கிறவர்கள் மேல் தண்ணீரைப் பீய்ச்சுவாள். ஒரு நாள் காலையில் போய்ப் பார்த்தால் தொட்டி காலி. மூடியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து, ஈரத் தரையில் நடந்து, நண்டுத் தொட்டிக்குள் இறங்கி, வயிறு முட்டத் தின்றுவிட்டு ஒரு மூலையில் சுருண்டிருந்தாள். மேனேஜர் தலையில் கை வைத்துக்கொண்டார். நான் வாய்விட்டுச் சிரித்தேன். எனக்கு அவளைப் பிடித்துப்போனது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன். தியாகத்துக்காக எனக்கு அவளைப் பிடிக்கவில்லை, தினேஷ். அவள் செய்த அட்டகாசத்துக்காகத்தான் பிடித்தது.

அப்புறம்தான் முட்டையிட்டாள். பானைக்குள் மேல்பக்கத்தில், அரிசி மணி அரிசி மணியாகச் சரம் சரமாகத் தொங்கவிட்டாள். அதோடு சாப்பாட்டை நிறுத்திவிட்டாள். எனக்குக் கை கால் ஓடவில்லை. நம் வீட்டைப் பற்றி உனக்குத்தான் தெரியுமே, ஒருத்தர் சாப்பிடவில்லை என்றால் மற்றவர்களுக்குச் சோறு இறங்காது. நண்டின் காலை உடைத்துக் கொடுத்தேன், இறாலை உரித்துக் கொடுத்தேன், மட்டிச் சிப்பியைத் திறந்து கொடுத்தேன். இடுக்கியில் பிடித்து வாசல் வரைக்கும் கொண்டுபோய் வைப்பேன், அவள் அதை வெளியே தள்ளுவாள். நான் மறுபடியும் வைப்பேன். காவ்யா என்று ஒரு பெண் எங்களிடம் இருக்கிறாள், கடல் உயிரினம் படித்தவள். "அக்கா, இதோட உடம்பே அப்படித்தான், இனிமே சாப்பிடாது. விட்டுடுங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். கல்யாணம்கூட ஆகாத பெண், பிள்ளைபெற்ற உடம்பைப் பற்றி இவளுக்கு என்ன தெரியும் என்று நான் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. ஏழுமலை அண்ணனும் சொல்லிப் பார்த்தார். "இன்னாக்கா இது, கல்யாண வூட்டுப் பந்தில விசாரிக்கிற மாதிரி விசாரிச்சுகினு கீற. அதுக்கு வோணாம்னா வுட்டுடேன், பேஜாரு பண்ணாத."

கடைசியில் காவ்யா ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டு, என் தோளைப் பிடித்து அழுத்தி உட்கார வைத்தாள். "ஒரே ஒரு தடவை ஒண்ணும் பண்ணாம உட்காந்து பாருங்க" என்றாள். பார்த்தேன். முட்டைகள் மேல் தண்ணீரை ஊதி ஊதி, கையால் தடவித் தடவிச் சுத்தம் செய்துகொண்டிருந்தாள். நான் காலையில் வைத்த நண்டு வாசலில் கிடந்து அழுகத் தொடங்கியிருந்தது. முட்டைகளை விட்டுவிட்டு வந்து அதைத் தள்ளினாள். அது தண்ணீரின் சுழற்சியில் திரும்பி வந்தது. மறுபடியும் வந்து தள்ளினாள். அந்த அவசரத்தில் ஒரு சரம் அறுந்து மிதந்து போனது. அவள் தோல் வெளுத்து, கண் உள்ளே போயிருந்தது. இருக்கிற கொஞ்சம் தெம்பையும் நான் கொடுத்ததைத் தூக்கிப் போடுவதிலேயே செலவழித்துக்கொண்டிருந்தாள். அவளைக் கவனிக்கிறேன் என்ற பெயரில் நான் அவளுக்கு வேலை வைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். அன்றைக்கு இடுக்கியைக் கழுவி மாட்டியவள்தான், அப்புறம் அந்தத் தொட்டிக்கு அதைக் கொண்டுபோகவில்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்று உனக்குப் புரியும். பொங்கல் லீவுக்கு உன் ஃபிளாட்டுக்கு வந்து தங்கினேனே, நீ என்னைத் தங்கமாகத்தான் பார்த்துக்கொண்டாய், குறையே சொல்ல மாட்டேன். எழுந்தால் "உக்காரும்மா." பாத்திரத்தைத் தொட்டால் "வேலைக்காரக்கா வருவாங்கம்மா, வை." டீவி ரிமோட்டைக் கையில் கொடுத்துவிட்டு ஆபீஸுக்குப் போனாய். அந்த ரிமோட்டில் எதை அமுக்கினாலும் வேறெதுவோ வந்தது. பால்கனியில் நின்று, கீழே தண்ணீர் லாரி வருவதையும் போவதையும் பார்த்தேன். லிஃப்டில் இறங்கி, ஏறி, மறுபடியும் இறங்கினேன். செக்யூரிட்டி வந்து "யாரும்மா வோணும் உனக்கு?" என்று கேட்டான். யார் வேண்டும் என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை, சும்மா நிற்கிறேன் என்றேன். உன் மளிகை டப்பாக்களை நான் மூன்று விதமாக மாற்றி அடுக்கியதில் மோனிஷா சீரகத்தைத் தேடி அலைந்தாள், பாவம். நீ எனக்குக் கொடுத்த ஓய்வு அந்த நண்டு மாதிரிதான், கண்ணு. அன்பாகத்தான் கொடுத்தாய். நான்தான் அதை வாசலுக்கு வெளியே தள்ளிக்கொண்டே இருந்தேன்.

ஆனால் உன்மேல் மட்டும் பழியைப் போட மாட்டேன். தாய், தியாகம் என்று நீ மைக்கில் பேசினதெல்லாம் நான் எழுதிக் கொடுத்த வசனம். முட்டையிட்ட பிறகு அவள் வெளியே வராததால் பார்க்க வந்தவர்கள் சத்தம் போட்டார்கள். "டிக்கெட் வாங்கிட்டு பானையைப் பாக்கவா வந்தோம்?" என்று ஒருவர் சண்டைக்கே போய்விட்டார். மேனேஜர் என்னிடம், "நீங்கதான் கூடவே இருக்கீங்க, நாலு வரி எழுதிக் குடுங்க, போர்டு வச்சிடலாம்" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ராத்திரி சாப்பாட்டைக்கூட மறந்து எழுதினேன். 'ஒரு தாயின் தவம்' என்று தலைப்புப் போட்டு, உண்ணாமல் உறங்காமல் தன் உயிரையே கொடுக்கிறாள் என்று முடித்தேன். அவ்வளவுதான், கூட்டம் அமைதியாகிவிட்டது. பெண்கள் முந்தானையில் கண்ணைத் துடைத்தார்கள். பானை முன்னால் நின்று செல்ஃபி எடுத்தார்கள். நானும் மிதப்பில் இருந்தேன். ஒரு நாள் ஒரு ஆள் போர்டைப் படித்துவிட்டுப் பெண்டாட்டியைப் பார்த்து, "பாத்துக்கினியா, இதான் தாய். நீ ரெண்டு தோசை சுடறதுக்கு இன்னா அலுப்பு அலுத்துக்கற" என்றான். இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாகப் பிள்ளைகளோடு நின்ற அந்தப் பொண்ணு போர்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், தலையைக் குனிந்துகொண்டாள். எனக்குச் சுருக்கென்றது. அப்போதே அந்தப் போர்டைக் கழற்றியிருக்க வேண்டும்.

அந்த வாரம்தான் நீங்கள் இரண்டு பேரும் வந்தீர்கள். நீ போர்டைப் படித்துக் கண் கலங்கினாய். மோனிஷா படித்துவிட்டு நகர்ந்து போய்ச் சாதாரணக் கணவாய் நீந்துகிற தொட்டி முன்னால் நின்றாள். அது உடம்பைச் சுற்றியிருக்கிற மெல்லிய விளிம்பை அலை அலையாக அசைத்துப் பின்பக்கமாகவே போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அத்தை, இதுவும் முட்டை போட்டா செத்துடுமா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "அதுகளுக்கு வேற வழியே இல்லையா?" என்றாள். "அதுகளுக்கு இல்லம்மா" என்றேன். அவள் தன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். நீ அப்போது கண்ணாடிச் சுரங்கத்தில் சுறாவைப் படம் எடுத்துக்கொண்டிருந்தாய்.

வளைகாப்பு முடிந்த மறுநாள் குஞ்சுகள் வந்துவிட்டன. காலையில் நான் போகும்போது தொட்டி முழுக்க எள் அளவில் துள்ளிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றுக்கும் கண் இருந்தது, கை இருந்தது, தொட்டால் நிறம் மாறியது. நல்ல வேளையாகக் காவ்யா வடிகட்டியின் வாயில் முன்பே வலையைக் கட்டியிருந்தாள். இவ்வளவு சின்னதைத் தொட்டியில் வளர்க்க எங்களிடம் வசதி இல்லை. அதனால் மேனேஜரிடம் கேட்டுக்கொண்டு வாளியில் மொண்டு, கடலில் விடச் சொல்லி ஏழுமலை அண்ணனின் போட்டில் ஏற்றி அனுப்பினோம். அவள் அதற்குள் பானையை விட்டு வெளியே வந்து, ஒரு கல்லின் மேல் சாய்ந்து கிடந்தாள். நான் தண்ணீருக்குள் விரலை வைத்தேன். ஒரு கை மட்டும் வந்து தொட்டது, பிடிக்கவில்லை. மத்தியானத்துக்குள் போய்விட்டாள். பேர் வைக்காமலே அழுதேன், தினேஷ், நன்றாகவே அழுதேன்.

எங்கள் அக்வேரியத்தின் முன் அறையில் செத்த உயிரினங்களை ஜாடியில் போட்டு வைத்திருப்பார்களே, அங்கே இவளையும் வைக்கலாம் என்றார் மேனேஜர். "தாய்னு பெருசா எழுதிடலாம், சூப்பரா இருக்கும்" என்றார். ஜாடிக்கு நான் தடை சொல்லவில்லை, பிள்ளைகள் பார்த்துப் படிக்கட்டும். எழுதுவதை மட்டும் நான்தான் எழுதுவேன் என்று சண்டை பிடித்து வாங்கினேன். தேவனேரிக் கடலில் பிடிபட்ட பேய்க்கணவாய், பெண், நண்டு என்றால் உயிர், மூடியைத் திறந்துகொண்டு வெளியே போகத் தெரியும், இனப்பெருக்கத்துக்குப் பிறகு ஆணும் பெண்ணும் அதிக நாள் இருப்பதில்லை, இது இவற்றின் உடல் இயல்பு என்று எழுதினேன். பழைய போர்டையும் கழற்றிவிட்டேன். ஏன்க்கா எடுத்துட்டீங்க, நல்லா இருந்துச்சே என்று கூட வேலை செய்கிற பையன்கள் கேட்கிறார்கள்.

இதெல்லாம் இருக்கட்டும். இரண்டு நாளாக நான் நிலைகொள்ளாமல் அலைவது இதற்காக இல்லை. மோனிஷா போன் செய்தாள். அம்மா வீட்டு மொட்டை மாடிக்கு வந்து பேசினாள் போல, ஊரப்பாக்கத்து ரயில் சத்தம் கேட்டது. "அத்தை, நீங்க வரலன்னா நான்தான் வேலையை விடணும்னு அவர் சொல்றாரு. இப்பதான் டீம் லீட் ஆக்கியிருக்காங்க. உங்கள வரச் சொல்லிக் கேக்கவும் எனக்கு மனசு வரல, கேக்காம இருக்கவும் முடியல" என்று அழுதாள். வயிற்றுப் பிள்ளைக்காரி அழக் கூடாதென்று அதட்டிவிட்டு போனை வைத்தேன். அப்புறம் எனக்கு வேலையே ஓடவில்லை. வருகிறேன் என்று சொன்னால் என் வேலை போகும், வரவில்லை என்று சொன்னால் அவள் வேலை போகும். ஒரு தொட்டிக்கு உப்பு பார்க்கப் போய், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் வேறொரு தொட்டி முன்னால் நின்றேன். இப்படியே எத்தனை நேரம் நடந்தேனோ, நடந்துகொண்டிருக்கும்போதுதான் ஒன்று உறைத்தது. இந்தக் கணக்கில் நானும் இருக்கிறேன், அவளும் இருக்கிறாள். நீ எங்கேடா?

எனக்கு என்ன வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை, நானே சொல்லிவிடுகிறேன். கணவாய்களுக்கென்றே தனியாக ஒரு அறை கட்டப் போகிறார்கள், அதற்குப் பொறுப்பு என்னிடம். வலையிலும் கூண்டிலும் ஒட்டிக்கொண்டு வருகிற கணவாய் முட்டைக் கொத்துகளை இதுவரைக்கும் ஏழுமலை அண்ணன் பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தார். இனிமேல் கடல் தண்ணீரோடு கொண்டுவந்து தருகிறேன் என்றிருக்கிறார். அந்தக் குஞ்சுகள் பிறக்கும்போதே கொஞ்சம் பெரிசு, உயிருள்ள சின்ன இறால் கொடுத்தால் தொட்டியிலேயே வளர்க்கலாம் என்கிறாள் காவ்யா. அதை எனக்குச் செய்து பார்க்க வேண்டும். எங்கள் அம்மா அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டு இடுப்பொடிந்து போனவள், வேலை என்றாலே அவளுக்கு வெறுப்பு. எனக்கு அப்படி இல்லை. எனக்கு வேலை பிடிக்கும். உனக்காகத்தான் உழைத்தேன் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். உனக்காகவும் உழைத்தேன், காலையில் யூனிபார்ம் மாட்டிக்கொண்டு ஈசிஆர் பஸ்ஸில் ஏறுவது எனக்குச் சந்தோஷமாக இருந்ததாலும் உழைத்தேன். இதைக் கேட்டால் நான் குறைந்த தாயாகத் தெரிவேனோ என்னவோ. தெரிந்தால் தெரியட்டும். நாவலூருக்கு நான் குடிவர மாட்டேன்.

குழந்தை பிறந்ததும் முதல் மாதம் முழுக்க நான் கூட இருப்பேன், மேனேஜரிடம் இப்போதே சொல்லிவிட்டேன். உன் மாமியாரும் நானும் முறை வைத்துக்கொண்டு பார்ப்போம். பிறகு ஒவ்வொரு வாரமும் என் லீவு நாளில் வந்து நிற்பேன், குளிப்பாட்டுவேன், கொஞ்சுவேன், உன் சீரக டப்பாவை இடம் மாற்றி வைப்பேன். மற்ற நாளெல்லாம் நீ பார்க்க வேண்டும். அக்வேரியத்தில் ஒரு பள்ளிக்கூடத்துப் பெண் பானையைப் பார்த்துவிட்டு, "அப்பா ஆக்டோபஸ் எங்க?" என்று கேட்டாள். இணை சேர்ந்த கொஞ்ச நாளில் அது செத்துப் போயிருக்கும் என்று காவ்யா சொன்னாள். அது செத்துப் போனது, அதற்கு ஒரு சாக்கு இருக்கிறது. நீ நல்லபடியாக, நூறு வருஷம் இருக்க வேண்டிய பிள்ளை. உனக்கு அந்தச் சாக்கு கிடையாது. ஆபீஸில் லீவு கேள். பாதி நாள் வீட்டிலிருந்து வேலை பார்க்க முடியுமா என்று கேள். மோனிஷா பாதி, நீ பாதி என்று இரண்டு பேரும் உட்கார்ந்து பேசுங்கள். முடியாது என்று அவர்கள் சொன்னால் அப்புறம் பார்க்கலாம். நீ இன்னும் வாய் திறந்து கேட்கக்கூட இல்லை.

உன் ஆபீஸ் மேனேஜரிடம் இதை எப்படிக் கேட்பது என்று உனக்குக் கூச்சமாக இருக்கும், எனக்குத் தெரியும். ஆம்பளை போய்ப் பிள்ளை பார்க்க லீவு கேட்பதா என்று இருக்கும். நீ ஒண்ணாவது படிக்கும்போது உனக்கு அம்மை போட்டது. உங்க அப்பா காலமான வருஷம் அது. இறால் பண்ணையில் குஞ்சு பிடிக்கிற நேரம், ஆள் குறைந்தால் சூப்பர்வைசர் எரிந்து விழுவார். நான் வேப்பிலையும் கையுமாகப் போய் அவர் முன்னால் நின்றேன். கை கட்டவில்லை, கெஞ்சவில்லை, அழவும் இல்லை. "வூட்ல புள்ள கீது சார். அதுக்கு நான்தான் ஆளு" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்து வந்தேன். கத்தினார்தான், ஆனால் வேலையை விட்டு எடுக்கவில்லை. நீயும் போய் அதையே சொல். அவர்களுக்குத் தமிழ் புரியாவிட்டால் இங்கிலீஷில் சொல்.